கதையும் கல்லும் கறையும்
ஆர்மீனியாவில் ஒரு நாட்பயணம் கற்பிக்கும் பாடம்

சுற்றுலா சென்றோர் அனைவரும் அறிந்த ஒருவர் உண்டு. கையில் சிறு கொடியோ குடையோ ஏந்தி முன்னே நடந்து, "இதுவே உலகில் முதலாவது, இதுவே உலகில் மிகப் பழையது" என்று சொல்லிக்கொண்டே செல்லும் வழிகாட்டிதான் அவர். அவர் சொல்வதற்கெல்லாம் தலையசைத்துப் படம் பிடித்துக்கொண்டு திரும்புவது எளிது. ஏளனமாகச் சிரித்துவிட்டுத் திரும்புவதும் எளிது. மூன்றாவது வழி ஒன்று உண்டு. அது, ஒவ்வொரு கூற்றையும் கேட்டவுடன், "இதற்குச் சான்று எத்தகையது?" என்று வினவுதல். இரசாயனம் பயிலும் மாணவன் என்ற முறையில் எனக்கு உகந்த வழி அதுவே. அவ்வழியில் பழகுவதற்கு, ஆர்மீனிய நாட்டில் பயணிகளை அழைத்துச் செல்லும் ஒரு நாட்பயணம் மிக ஏற்ற பாடமாகும். மாணவத் தோழர்களே, அப்பயணத்தை ஏட்டின் வழியே நாமும் மேற்கொள்வோம்.

ஆர்மீனியா, காக்கேசிய மலைநாட்டில் கடற்கரையே இல்லாத ஒரு சிறு குடியரசு. பரப்பு 29,743 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் கால் பங்குக்கும் குறைவு. மக்கள் தொகை ஏறத்தாழ 30 இலட்சம். சோவியத் ஒன்றியத்தில் ஓர் உறுப்பாக இருந்து 1991-இல் விடுதலை பெற்றது. தலைநகர் யெரெவானிலிருந்து காலையில் புறப்படும் வண்டி, தெற்கே கோர் விராப் மடாலயம், அப்பால் நோராவாங்க் மடாலயம், திராட்சைக்குப் பெயர்போன அரேனிச் சிற்றூர் ஆகியவற்றைக் காட்டிவிட்டு இரவுக்குள் நகர் திரும்பிவிடும். சில வண்டிகள் அரேனியை முதலில் காட்டும். நாம் அதை இறுதியில் காண்போம். இம்மூன்று இடங்களிலும் நாம் சந்திக்கப்போவது மூன்று வகைச் சான்றுகளை. அவை கதை, கல், கறை.

கதை

கோர் விராப் என்றால் ஆழ்ந்த குழி என்று பொருள். வெயில் காயும் சமவெளியில் ஒரு சிறு குன்று. அதன்மேல் கோட்டைபோல் மதில் சூழ்ந்த மடாலயம். பின்புறத்தில் பனி மூடிய அராராத் மலை. 5,137 மீட்டர் உயரமுள்ள அம்மலை ஆர்மீனியரின் தேசியச் சின்னம். ஆனால் அது நிற்பது துருக்கி நாட்டில். இரு நாடுகளுக்கும் இடையிலுள்ள எல்லையைத் துருக்கி 1993-இல் மூடியது. தம் நாட்டின் முத்திரையில் பொறித்த மலையை எல்லைக்கு அப்பால் நின்று நோக்கும் நிலை அம்மக்களுடையது. அவர்கள் பழமையைப் பற்றிப் பேசும்போது குரலில் ஏறும் அழுத்தத்தை நாம் புரிந்துகொள்ள இக்காட்சி ஒன்றே போதும்.

இங்கே வழிகாட்டி சொல்லும் கதை இது: மூன்றாம் திரிதாத் மன்னன், கிரிகோரி என்னும் கிறிஸ்துவத் துறவியைப் பதின்மூன்று ஆண்டுகள் இக்குழியில் அடைத்து வைத்தான். பின்னர் மன்னனைக் கொடிய நோய் பற்றியது. கிரிகோரி வெளியே வந்து அவனைக் குணப்படுத்தினார். மன்னன் மதம் மாறினான். 301-ஆம் ஆண்டில் ஆர்மீனியா, கிறிஸ்துவத்தை அரச மதமாக ஏற்ற முதல் நாடாயிற்று. ஏறத்தாழ ஆறு மீட்டர் ஆழமுள்ள அக்குழிக்குள் இன்றும் இரும்பு ஏணி வழியே இறங்கிப் பார்க்கலாம்.

இதற்குச் சான்று யாது? அகத்தாங்கெலோஸ் என்பவர் பெயரால் வழங்கும் வரலாற்று நூலே தலையாயது. அது எழுதப்பட்டது ஐந்தாம் நூற்றாண்டில். ஆர்மீனிய மொழிக்கு மெஸ்ரோப் மாஷ்தொத்ஸ் எழுத்து அமைத்ததே 405-ஐ ஒட்டிய காலத்தில்தான். ஆகவே நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி கிடக்கிறது. 301 என்பது மரபு. 314-ஐ ஒட்டியே மதமாற்றம் நிகழ்ந்திருக்க வேண்டும் என்பார் ஆராய்ச்சியாளர் பலர்.

அப்படியானால் வழிகாட்டியின் கூற்று பொய்யா? பொறுத்துப் பார்ப்போம். உரோமப் பேரரசு கிறிஸ்துவத்தை அரச மதமாக அறிவித்தது 380-இல். ஆர்மீனியாவின் ஆண்டு 301 ஆயினும் 314 ஆயினும் அது முந்தியதே. ஆண்டு ஆட்டம் காண்கிறது. முதன்மை ஆட்டம் காணவில்லை. கதையைச் சான்றாகக் கொள்ளும்போது நாம் செய்யவேண்டியது இதுவே: எந்தப் பகுதி அசைகிறது, எந்தப் பகுதி அசையாமல் நிற்கிறது என்று பிரித்தறிதல்.

கல்

வண்டி மேலும் தெற்கே சென்று வயோத்ஸ் சோர் மாநிலத்தில் நுழைகிறது. செங்குத்தான செம்பாறைகளுக்கு இடையே குறுகிய பள்ளத்தாக்கு. அதன் முடிவில் நோராவாங்க். புதிய மடம் என்பது இப்பெயரின் பொருள். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் புதியதாக இருந்தது!

ஆர்பெலியான் என்னும் சிற்றரசர் குடியினரின் அடக்கத்தலம் இது. இங்குள்ள பூர்தெலாஷேன் என்னும் கோயில் இரண்டு மாடி உடையது. கீழ்த்தளம் கல்லறை, மேல்தளம் வழிபாட்டிடம். மேலே ஏறுவதற்கு முகப்புச் சுவரிலிருந்தே நீட்டிக்கொண்டு நிற்கும் ஒடுங்கிய கற்படிகள் இருபுறமும் உள்ளன. பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது. ஏறுகிறவர்கள் சிரித்துக்கொண்டே ஏறி, இறங்கும்போது உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவார்கள்.

இக்கோயிலை மோமிக் என்னும் சிற்பியின் கடைசிப் படைப்பு என்பார் வழிகாட்டி. மோமிக் ஏட்டில் சிற்றோவியம் தீட்டுவதிலும் வல்லவர். அவர் மறைந்தது 1333-இல். கோயில் நிறைவெய்தியது 1339-இல். ஆகவே மோமிக் திட்டமிட்டுத் தொடங்கியதைப் பிறர் முடித்தனர் என்று கொள்வதே பொருத்தம். இவ்வாறு துணிவுடன் கணக்கிட முடிவது எதனால்? இங்கு ஆண்டுகள் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. கதை வாய்க்கு வாய் மாறும். வெட்டிய கல் அவ்வளவு எளிதில் மாறாது.

ஆனால் கல்லையும் அடுக்கடுக்காகப் படிக்க வேண்டும். 1840-இல் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் இக்கோயிலின் கூரையும் கூம்பும் சிதைந்தன. 1990-களின் பிற்பகுதியில்தான் அவற்றை மீண்டும் எழுப்பினர். அண்ணாந்து பார்த்து, "பதினான்காம் நூற்றாண்டுக் கூம்பு!" என்று வியப்போர், உண்மையில் நம் பெற்றோர் காலத்துக் கைவேலையைக் கண்டு வியக்கிறார்கள்.

மாணவர்களாகிய நாம் அறியவேண்டிய இன்னொரு செய்தி உண்டு. இதே வட்டாரத்தில் 1280-ஐ ஒட்டித் தொடங்கி 1340 வரை கிளாட்சோர் என்னும் உயர்கலைக் கழகம் நடைபெற்றது. சமயம், தத்துவம், இலக்கணம், இசை, ஓவியம் ஆகியவற்றை அங்கே கற்பித்தனர். மங்கோலியர் ஆதிக்கம் நாட்டை அழுத்திய காலத்தில், மலைக்குள் ஒதுங்கியேனும் ஏடு எழுதினர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கறை

இனி அரேனி. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயரத்தில் தடித்த தோலுடைய கருந்திராட்சை விளையும் ஊர். சாலையோரத்தில், குளிர்பானம் வந்த பிளாஸ்டிக் போத்தல்களிலேயே வீட்டு மதுவை நிரப்பி வைத்து விற்பார்கள். பருகுவோர் பருகுவர்; பருகாதார் உலர்ந்த பழங்களைச் சுவைத்து மகிழ்வர். சோவியத் காலத்தில் ஆர்மீனியாவில் பிராந்தி உற்பத்திக்கே முதலிடம் தந்தனர். திராட்சை மதுவில் பெயரெடுக்கும் முயற்சி விடுதலைக்குப் பின்னரே மீண்டும் வேகம் பெற்றது.

இந்த ஊரை அடுத்த குகைதான் நம் பாடத்தின் மையம். 2008-இல் அங்கே ஒரு தோற் செருப்பு அகப்பட்டது. ஒரே மாட்டுத்தோலை மடித்து, தோல்வாரால் இறுக்கிக் கட்டிய வலக்கால் செருப்பு. உள்ளே புல் திணித்திருந்தது. ஆண்டு ஏறத்தாழ கி.மு. 3500. குளிர்ந்த வறண்ட காற்றும், மேலே படிந்த ஆட்டுச் சாணமும் அதை 5,500 ஆண்டுகள் காத்தன. உயிருள்ளவற்றில் இருக்கும் கதிரியக்கக் கார்பன், அவை மடிந்த பின் 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிடும். அச்செருப்பில் ஏறத்தாழ பாதியே எஞ்சியிருந்தது என்றால், அதன் வயதை நாமே மனக்கணக்காகச் சொல்லிவிடலாம்.

அதே குகையில் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமுள்ள ஆழமற்ற களிமண் தொட்டி ஒன்றைக் கண்டனர். காலால் மிதித்த சாறு வழிந்து அருகில் புதைத்த மண்சாடியில் இறங்குமாறு அது அமைந்திருந்தது. சுற்றிலும் திராட்சை விதைகள், பிழிந்த சக்கை, உலர்ந்த கொடி, குடிக்கும் கிண்ணம். காலம் கி.மு. 4100-ஐ ஒட்டியது. 2011 சனவரியில் ஆராய்ச்சியாளர் இதனை உலகுக்கு அறிவித்தனர்.

தொட்டியில் இருந்தது மதுதான் என்று எப்படிச் சொன்னார்கள்? இங்கேதான் இரசாயனம் நுழைகிறது. திராட்சைச் சாற்றுக்கு அடையாளமாக வழக்கமாகத் தேடுவது டார்டாரிக் அமிலத்தை. அந்த அமிலம் நமக்கு அந்நியமானதன்று. நம் அடுக்களைப் புளியின் புளிப்பே பெரும்பாலும் அதுதான். ஆகவே தமிழ்நாட்டுப் பழம்பானை ஒன்றில் டார்டாரிக் அமிலம் கிடைத்தால், "மது!" என்று கூவிவிட முடியாது, அது இரசமாகவும் இருக்கலாம்! புளியமரம் இல்லாத காக்கேசிய நாட்டில் அச்சான்று வலுப்பெறும் என்பது மெய்யே. எனினும் அரேனி ஆராய்ச்சியாளர் பானை ஓட்டில் தேடியது மால்விடின் என்னும் சாயப்பொருளை. சிவப்பு மதுவுக்கு நிறம் தருவதும், சட்டையில் சிந்தினால் கறையாக நிற்பதும் அதுவே. அக்கறை ஆறாயிரம் ஆண்டுகளாக ஓட்டில் ஒட்டியிருந்தது. "மாதுளையாக இருக்கலாகாதா?" என்ற ஐயத்தையும் அவர்களே எழுப்பினர். குகையில் மாதுளையின் எச்சம் எதுவும் கிடைக்கவில்லை. திராட்சை விதையோ நிறையக் கிடைத்தது. சாயம் தனித்து நின்றிருந்தால் ஐயம் தங்கியிருக்கும். சாயம், விதை, தொட்டி, சாடி நான்கும் சேர்ந்து ஐயத்தை நீக்கின.

இப்போது வழிகாட்டியின் கூற்றுக்கு வருவோம். "உலகின் மிகப் பழைய மது எங்களுடையது" என்று அவர் சொன்னால் அது நிற்காது. அண்டை நாடான ஜார்ஜியாவில் கி.மு. 6000-ஐ ஒட்டிய பானைகளில் திராட்சை மதுவின் சுவடுகள் கண்டதாக 2017-இல் ஆய்வு வெளிவந்துவிட்டது. ஈரானிலும் கி.மு. 5000-க்கு முந்திய சான்று உண்டு. "மது செய்யும் முழு அமைப்புடன் இதுவரை கண்டறிந்தவற்றில் மிகப் பழைய ஆலை எங்களுடையது" என்று சொன்னால் அது நிற்கும். இரண்டாம் வாக்கியம் நீளமானது. கொடியேந்திக் கூவுவதற்கு வசதியற்றது. ஆனால் அதை எவரும் வீழ்த்த முடியாது.

நமக்கும் இதற்கும் என்ன?

நோராவாங்கிலிருந்து மேற்கே மலைகளைத் தாண்டினால் நகிச்செவான். அது அஜர்பைஜான் நாட்டின் பகுதி. அங்கே அராஸ் ஆற்றங்கரையில் ஜுல்பா என்னும் பழைய ஊரின் இடுகாட்டில், சிலுவையும் கொடிவேலையும் செதுக்கிய ஆர்மீனியக் கற்கள் ஆயிரக்கணக்கில் நின்றன. 1998-க்கும் 2005-க்கும் இடையே அவை அழிந்தன. 2005 டிசம்பரில் படைவீரர்கள் கற்களை உடைக்கும் காட்சியை ஈரான் கரையிலிருந்து படம் பிடித்தனர். அஜர்பைஜான் அரசு மறுத்தது. ஆயினும் வானிலிருந்து எடுத்த படங்களை ஒப்பிட்ட அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றக் கழகம், அவ்விடத்தில் கற்கள் அகற்றப்பட்டதை 2010-இல் எடுத்துக்காட்டியது. கல்லும் நிலையன்று என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டுமோ? இன்று ஜுல்பாவுக்குச் சாட்சி சொல்வன, கற்கள் நின்றபோது பொறுமையாக எடுத்த புகைப்படங்களும் குறிப்புகளுமே.

இந்த ஜுல்பா நமக்கு அயலூரன்று. பாரசீக மன்னன் ஷா அப்பாஸ் 1604, 1605-ஆம் ஆண்டுகளில் அவ்வூராரைக் குடிபெயர்த்து இஸ்பஹான் அருகே புதிய ஜுல்பாவில் குடியேற்றினான். அங்கிருந்து வணிகர்கள் இந்தியத் துறைமுகங்களுக்கு வந்தனர். அவ்வழி வந்த பெத்ரூஸ் உஸ்கான் 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் பாலம் கட்டினார். பரங்கிமலைக்குப் படிகளும் அமைத்தார். உலகின் முதல் ஆர்மீனியச் செய்தியிதழான அஸ்தரார், யெரெவானில் அன்று, சென்னையில் 1794-இல் அச்சேறியது. சென்னையில் அவர்கள் வாழ்ந்த ஆர்மீனியன் தெருவைத் தமிழ் நாக்கு அரண்மனைக்காரத் தெரு ஆக்கிவிட்டது. அரண்மனை எங்கே என்று தேடுவோர் அங்கே ஓர் ஆர்மீனியக் கோயிலைக் காண்பர். நாம் இன்று வாழும் இக்கொல்கத்தாவிலும் அவர்கள் 1724-இல் கட்டிய நாசரேத்துக் கோயில் நிற்கிறது. 1821-இல் தொடங்கிய அவர்களுடைய கல்லூரி இன்றும் நடக்கிறது. ஊர் விட்டு ஊர் வந்து சங்கம் கூட்டி இதழ் நடத்துவது நாம் கண்டுபிடித்த புதுமையன்று.

ஊரைப் பிரிந்தோர்க்குப் பழமையின்மேல் பற்று மிகுதி. நம் சங்கக் கூட்டங்களிலும், "உலகின் முதல் மொழி", "பல பதினாயிரம் ஆண்டு நாகரிகம்" என்னும் முழக்கங்களைக் கேட்கிறோம். கைதட்டல் எழுகிறது. விடுதி அறைக்குத் திரும்பியதும் வேற்றுமொழி நண்பன் ஒருவன், "சான்று என்ன?" என்று கேட்டால் நம்மிற் பலர் கோபம் கொள்கிறோம். கோபம் சான்றாகாது. கீழடியில் எடுத்த கரித்துண்டு ஒன்று கி.மு. 580-ஐ ஒட்டிய காலத்தைக் காட்டியதென்று தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்டது. இன்ன குழி, இன்ன ஆழம், இன்ன கரி என்று சுட்டக்கூடிய செய்தி அது. அதனருகே ஆதாரமற்ற பதினாயிரங்களைக் கொண்டுபோய் நிறுத்தினால், கேட்பவன் இரண்டையும் சேர்த்தே தள்ளிவிடுவான். மிகையினால் முதலில் அடிபடுவது நம்மிடமுள்ள மெய்யே.

ஆகவே தோழர்களே, நம் பெருமையைக் குறைத்துப் பேசச் சொல்லவில்லை. கூறுபடுத்திப் பேசச் சொல்கிறேன். எந்தப் பெருமையைச் சொல்லத் தொடங்குமுன்னும், அது கதையா, கல்லா, கறையா என்று ஒரு கணம் எண்ணுவோம். கதையாயின் எப்போது எழுதப்பட்டது என்று கேட்போம். கல்லாயின் எந்த அடுக்கு எந்தக் காலத்தது என்று பார்ப்போம். கறையாயின் வேறு எதனாலும் அக்கறை வந்திருக்க இயலாதா என்று சோதிப்போம். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நம் சிற்றூர்க் கோயிற் கல்வெட்டையும், வயலோரத்து நடுகல்லையும் படம் எடுத்து, இடமும் நாளும் குறித்து வைப்போம். ஜுல்பாவின் கற்களுக்கு அந்த அளவு வேலை செய்து வைத்தவர்கள் இருந்தனர். நம் கற்களுக்கும் இருக்கட்டும்.