கிரகரி நல்ல கோச்சா? 42 மேட்ச், ஒரு கோப்பை, ஒரு கடைசி இடம்

திருச்சியில் ஐ.எஸ்.எல். பார்க்கிற கூட்டம் சின்னதுதான். ஆனா வாக்குவாதத்துக்குப் பஞ்சமே இல்லை. மத்திய பேருந்து நிலையத்தில் 1ஆம் நம்பர் பஸ் ஏறினால், ஸ்ரீரங்கத்தில் இறங்குவதற்குள் சென்னையின் எஃப்.சி. பற்றி ஒரு முழுச் சண்டை போட்டு முடித்துவிடலாம். அந்தச் சண்டைகளில் அடிக்கடி வரும் பெயர் ஜான் கிரகரி.

ஒரு தரப்பு சொல்லும்: "கப் ஜெயிச்சுக் கொடுத்த மனுஷன்டா, வேற என்ன வேணும்?" இன்னொரு தரப்பு சொல்லும்: "அடுத்த வருஷமே கடைசி இடம். முதல் வருஷம் லக்கு, அவ்ளோதான்." இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு வருஷத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

நாம இன்ஜினியரிங் படிக்கிறோம். குறைந்தபட்சம் அளந்து பார்த்துவிட்டாவது சண்டை போடலாமே? இந்தக் கட்டுரை அதற்கான பாடம். ஒரு முன்னாள் கோச்சை எப்படி எடைபோடுவது என்பதுதான் கேள்வி. கிரகரி நமக்கு எடுத்துக்காட்டு.

முதல்ல கேஸ் என்ன?

சென்னையின் எஃப்.சி. 2014-ல் தொடங்கியது. முதல் மூன்று சீசனும் கோச் மார்கோ மாட்டெராஸி. 2006 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஜிடேனிடம் தலையால் முட்டு வாங்கினாரே, அவரேதான். 2014-ல் லீக் சுற்றில் முதலிடம். ஆனால் அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் மொத்தக் கணக்கில் 3-4 என்று தோல்வி. 2015-ல் பட்டியலின் அடியில் கிடந்த அணி, கடைசி நான்கு லீக் மேட்சையும் ஜெயித்து மூன்றாவது இடம் பிடித்தது. அந்த டிசம்பர் வெள்ளத்தால் சொந்த மண்ணில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடியது. இறுதிப் போட்டியில் எஃப்.சி. கோவாவை 3-2 என்று வீழ்த்திக் கோப்பையை வாங்கியது. 2016-ல் எட்டு அணிகளில் ஏழாவது இடம்.

அடுத்து வந்தவர்தான் கிரகரி. இங்கிலாந்தில் ஆஸ்டன் வில்லாவின் மேனேஜராக இருந்து, 2000-ல் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி வரை கொண்டு போனவர். 2017-18ல் லீக்கில் இரண்டாவது இடம். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு எஃப்.சி.யை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று தோற்கடித்துக் கோப்பை. 2018-19ல் 18 மேட்சில் இரண்டே வெற்றி, பத்து அணிகளில் பத்தாவது இடம். அதே அணி 2019 ஏப்ரலில் சூப்பர் கோப்பை இறுதிப் போட்டிக்கு வந்து கோவாவிடம் 1-2 என்று தோற்றது. 2019-20ல் ஆறு மேட்ச் முடிந்ததும், நவம்பர் கடைசியில் கிரகரி விலகினார்.

பிறகு ஓவன் காயில் வந்து, அதே அணியை 2020 மார்ச்சில் இறுதிப் போட்டி வரை கூட்டிப் போனார். அங்கே ஏ.டி.கே.யிடம் 1-3 என்று தோல்வி.

பாடம் 1: எந்த ஸ்கேல்?

கோப்பைக் கணக்கு மட்டும் போட்டால் மாட்டெராஸி 1, கிரகரி 1, காயில் 0. ரொம்ப சிம்பிள். ஆனா லீக் மேட்சுகளை எடுத்துப் பாருங்கள்.

மாட்டெராஸி: 14 மேட்ச் வீதம் மூன்று சீசன், மொத்தம் 42. வெற்றி 16, டிரா 12, தோல்வி 14. புள்ளிகள் 60.

கிரகரி: 18, 18, 6 என்று மொத்தம் 42. வெற்றி 12, டிரா 10, தோல்வி 20. புள்ளிகள் 46.

இரண்டு பேருக்கும் சரியாக 42 லீக் மேட்ச், ஆளுக்கு ஒரு கோப்பை. யாரும் திட்டமிடாமல் அமைந்த ஒப்பீடு இது. ஒரு மேட்சுக்குச் சராசரி என்று பார்த்தால் மாட்டெராஸிக்கு 1.43, கிரகரிக்கு 1.10. காயில் முதல் முறை வந்தபோது 12 லீக் மேட்சில் 24 புள்ளி, சராசரி 2.00. கோப்பைக் கணக்கில் கடைசியில் இருப்பவர் இங்கே முதலில் வருகிறார்!

நம்ம பாஷையில் சொன்னால் லீக் என்பது சி.ஜி.பி.ஏ.; அரையிறுதியும் இறுதியும் கேம்பஸ் இன்டர்வியூ. ஒன்று பல மாத உழைப்பு, மற்றொன்று ஓரிரு நாள் ஆட்டம். இரண்டும் முக்கியம்தான், ஆனால் இரண்டும் ஒரே விஷயத்தை அளப்பதில்லை.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. லீக் சுற்றில் முதலிடம் பிடிப்பவருக்கு ஷீல்டு கொடுக்கும் வழக்கம் 2019-20ல்தான் வந்தது. 2014-லேயே அது இருந்திருந்தால் மாட்டெராஸி பெயரில் இன்னொரு பரிசு ஏறியிருக்கும். அவர் ஆட்டம் அதேதான். விதி மட்டும் வேறு. பரிசுகளை எண்ணும்போது, பரிசு கொடுக்கும் விதியையும் சேர்த்தே எண்ணுகிறோம் என்பதை மறக்கக் கூடாது.

ஒப்பிடும்போது எச்சரிக்கையும் வேண்டும். மாட்டெராஸி காலத்தில் எட்டு அணிகள். கிரகரி வந்த வருஷம் பெங்களூருவும் ஜாம்ஷெட்பூரும் சேர்ந்து பத்து ஆனது. அதனால் 1.43, 1.10 என்ற எண்களை நேருக்கு நேர் வைப்பது, இரண்டு யுனிவர்சிட்டி மார்க்கை ஒப்பிடுவது மாதிரி. திசை தெரியும், துல்லியம் கிடைக்காது.

பாடம் 2: லக்குக்கு எவ்வளவு பங்கு?

"முதல் வருஷம் லக்கு" என்ற வாதத்தைச் சோதித்துப் பார்ப்போம். ஒரு பையில் 20 சீட்டு போடுங்கள். 8 சீட்டில் வெற்றி, 5 சீட்டில் டிரா, 7 சீட்டில் தோல்வி. கொஞ்சம் நல்ல, நடுத்தர அணி ஒன்றின் திறமை இது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சீட்டு எடுப்பது, எழுதிக்கொள்வது, திரும்பப் பைக்குள் போடுவது. இப்படி 18 தடவை செய்தால் ஒரு சீசன்.

ஒரு மேட்சுக்குச் சராசரி (8×3 + 5×1) ÷ 20 = 1.45. ஒரு சீசனுக்கு ஏறக்குறைய 26 புள்ளி. திட்ட விலக்கம் ஒரு மேட்சுக்கு 1.32, 18 மேட்சுக்கு √18-ஆல் பெருக்கினால் 5.6. அதாவது திறமை துளிகூட மாறாத ஒரே அணி, ஒரு வருஷம் 20 புள்ளியும் மறு வருஷம் 32 புள்ளியும் எடுப்பது ரொம்ப சாதாரணம். இரண்டு திட்ட விலக்கம் வரை போனால் 15 முதல் 37 வரை வரலாம்.

இப்போ கிரகரியின் எண்களை வையுங்கள். 2017-18ல் 32 புள்ளி. இது நடுத்தர அணிக்கும் கொஞ்சம் காற்று சாதகமாக அடித்தால் கிடைக்கக்கூடியதுதான். அன்றைய பட்டியலிலேயே ஒரு குறிப்பு இருந்தது. சென்னை அடித்தது 24 கோல், வாங்கியது 19, வித்தியாசம் 5. முதலிடம் பிடித்த பெங்களூருவின் வித்தியாசம் 19. சென்னைக்கு அடுத்து மூன்றாவது வந்த கோவாவுக்கே 14. சின்ன சின்ன வித்தியாசத்தில் ஜெயித்து மேலே ஏறிய அணி அடுத்த வருஷம் கொஞ்சம் கீழே வருவதுதான் இயல்பு. இதைத்தான் சராசரிக்குத் திரும்புதல் என்கிறோம்.

ஆனா 2018-19ன் 9 புள்ளி? அது 15-க்கும் கீழே. சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறது. கோல் கணக்கும் அதையே சொல்கிறது: அடித்தது 16, வாங்கியது 32. இதை "நேரம் சரியில்லை" என்று தள்ள முடியாது. அணியில் நிஜமாகவே ஏதோ உடைந்திருந்தது. கோப்பை ஜெயித்த அணியின் கேப்டன் ஹென்ரிக் செரெனோ கிளம்பிவிட்டார். நடுக்களத்தில் ஓடிய சென்னைப் பையன் தனபால் கணேஷ் காயத்தில் விழுந்தார். முந்தைய சீசனில் கோல் மழை பெய்த ஜேஜே லால்பெக்லுவாவின் காலில் கோல் வற்றிப் போனது.

ஆக, இரண்டு தரப்பும் பாதி சரி. "லக்கு" என்று வெற்றியைச் சொன்னவரின் வாதம் சாத்தியம்தான், ஆனால் நிரூபணம் ஆகவில்லை. "பேட் லக்" என்று தோல்விக்குச் சாக்கு சொன்னவரின் வாதம் நிற்கவே நிற்காது.

சீட்டு மாடலிலும் ஓட்டை உண்டு. சீட்டுக்குக் காயம் படாது, நம்பிக்கை உடையாது. நிஜத்தில் ஒரு தோல்வி அடுத்த மேட்சையும் பாதிக்கும், அதனால் ஏற்ற இறக்கம் நம் கணக்கைவிட அதிகமாகவே இருக்கும்.

உலக அளவில் இதற்கு அண்ணன் கதை கிளாடியோ ரனியேரி. 2016 மே மாதம் லெஸ்டர் சிட்டிக்கு இங்கிலீஷ் பிரீமியர் லீக் பட்டம். 2017 பிப்ரவரியில் வேலை போச்சு. ஒன்பது மாதம்தான்!

பாடம் 3: விட்டுட்டுப் போனது என்ன?

புள்ளிப் பட்டியலில் ஏறாத ஒரு விஷயம் உண்டு. ஒரு கோச் அடுத்தவர் கையில் எதை ஒப்படைத்தார்?

2019-20ல் காயில் இறுதிக்குக் கூட்டிப்போன அணியைப் பாருங்கள். 15 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கிய வால்ஸ்கிஸ், பந்தை ஊட்டிவிட்ட கிரிவெல்லாரோ, பின்களத்தில் லூசியன் கோயான், சென்னை சிட்டியிலிருந்து வந்த எட்வின் வான்ஸ்பால் எல்லோரும் கிரகரி பொறுப்பில் இருந்தபோதே அணிக்கு வந்தவர்கள். அவர்களை வைத்து கிரகரி ஆறு மேட்சில் எடுத்தது 5 புள்ளி. காயில் பன்னிரண்டு மேட்சில் எடுத்தது 24. பொருள் கிரகரி காலத்தில் வந்தது, சமையல் காயிலுடையது. பெருமை யாருக்கு?

இதையே பின்னோக்கியும் கேட்கலாம். கிரகரியின் சாம்பியன் அணியில் ஆடிய ஜேஜேயும் அனிருத் தாபாவும் மாட்டெராஸி காலத்திலேயே அணிக்கு வந்தவர்கள். ஆனால் இருபது வயதுப் பையனான தாபாவை நம்பி நடுக்களத்தில் தொடர்ந்து இறக்கியது கிரகரி. அந்தத் தாபாதான் பிறகு சென்னையின் கேப்டனும் ஆனார்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதுசு இல்லை. தெற்கு ராஜகோபுரத்தின் அடிப்பகுதி சில நூற்றாண்டுகளுக்கு முந்தையது. மேலே எழும்பாமல் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. அகோபில மடத்தின் 44ஆவது ஜீயர் எடுத்த முயற்சியால் 1987-ல்தான் 13 நிலையோடு முழுமையானது. "கட்டியது யார்?" என்று கேட்டால் ஒரே பெயரைச் சொல்லி முடிக்க முடியாது. அடித்தளம் போட்டவரையும் மறக்க முடியாது, முடித்தவரையும் மறக்க முடியாது.

பாடம் 4: அதே ஆள், வேற ரிசல்ட்

"அப்போ காயில்தான் உண்மையான மேதை" என்று கிளம்பாதீர்கள். அவர் சென்னையை விட்டு ஜாம்ஷெட்பூர் போய் 2021-22ல் லீக் ஷீல்டு ஜெயித்தார். அது பெரிய சாட்சி. ஆனால் 2023-ல் மறுபடி சென்னைக்கு வந்தாரே? 2023-24ல் 22 மேட்சில் 27 புள்ளி, ஆறாவது இடம். 2024-25ல் 24 மேட்சில் 27 புள்ளி, பதினோராவது இடம். சராசரி 1.17. முதல் முறை 2.00 எடுத்த அதே ஆள், அதே கிளப்.

கோச் என்பவர் ஒரு மாறிலி இல்லை. வீரர்கள், எதிரணிகள், காயம், பணம், காலம் எல்லாம் சேர்ந்த சமன்பாட்டில் அவர் ஒரு பதம் மட்டுமே. ஒரு பதத்தை வைத்து விடை முழுவதையும் விளக்க முயன்றால் ஒரு வருஷம் அவரைக் கடவுளாக்குவோம், மறு வருஷம் கல்லெறிவோம்.

அப்போ தீர்ப்பு?

என் கணக்கு இது. கிரகரியின் 2018 கோப்பையை யாரும் திரும்ப வாங்க முடியாது. பெங்களூரு கன்டீரவா அரங்கில் ஒரு கோல் பின்தங்கியும் கலங்காமல், மைல்சன் ஆல்வஸின் இரண்டு கோலாலும் ரஃபேல் அகஸ்டோவின் ஒரு கோலாலும் மீண்டு ஜெயித்தது தயாரிப்பு உள்ள அணியின் வேலை. ஆனால் 2018-19ன் சரிவில் பெரும்பங்கும் அவருடையதே. கோப்பைக்குப் பெயர் போட்டுக்கொள்பவர் கடைசி இடத்துக்கும் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாவதாக, அவர் விட்டுச்சென்ற அணி மோசமானது இல்லை. அதை ஓட வைக்கும் வழி அந்தக் கடைசி மாதங்களில் அவருக்குக் கிடைக்கவில்லை. "நல்லவரா, கெட்டவரா" என்ற கேள்விக்கு இந்த மூன்றில் எதுவும் தனியாகப் பதில் ஆகாது. மூன்றையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

இது கால்பந்துக்கு மட்டும் இல்லை. டிபார்ட்மென்ட் சிம்போசியம் நடத்திய சீனியர், கிளப் செயலாளர், பிளேஸ்மென்ட் பிரதிநிதி என்று எல்லோரையும் நாம் கடைசியாக நடந்த ஒரு சம்பவத்தை வைத்தே எடைபோடுகிறோம். போன வருஷத்து வேலை இந்த வருஷம் பலன் தருவதும், இந்த வருஷத்து அலட்சியம் அடுத்த வருஷம் வெடிப்பதும் நம் கண்ணில் படுவதில்லை.

செய்து பாருங்க

1. மேலே சொன்ன 20 சீட்டு சீசனை ஸ்ப்ரெட்ஷீட்டில் 1000 முறை ஓட்டுங்கள். 32 அல்லது அதற்கு மேல் எத்தனை முறை வருகிறது? 9 அல்லது அதற்குக் கீழ் எத்தனை முறை?

2. உங்களுக்குப் பிடித்த அணியின் இரண்டு கோச்சுகளை எடுங்கள். கோப்பை, மேட்சுக்குப் புள்ளி, விட்டுச்சென்ற வீரர்கள் என்று மூன்று வரிசை போட்டு நிரப்புங்கள். மூன்றிலும் ஒரே ஆள் ஜெயிக்கிறாரா?

3. சண்டை போடும் நண்பரிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: "எந்த எண்ணைப் பார்த்தா நீ உன் கருத்தை மாத்திக்குவ?" பதில் வந்தால் விவாதத்தைத் தொடருங்கள். "எதைப் பார்த்தாலும் மாத்த மாட்டேன்" என்றால் டீ வாங்கிக் கொடுத்து மேட்சைப் பாருங்கள்.