இடாப்பும் கரும்பலகையும்: இணையச் செயலிகளில் நிலை பேணல்

தகவல் தொழில்நுட்பம் கற்கும் மாணவியர் பலர் ஓர் இணையப் பக்கத்தை அழகாக அமைப்பதில் விரைவிலேயே தேர்ச்சி பெற்றுவிடுகின்றனர். நிறமும் எழுத்தும் படங்களும் கச்சிதமாக அமைந்துவிடுகின்றன. ஆனால் பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தியதும் ஓரிடத்தில் எண் மாறுகிறது. மற்றோரிடத்தில் பழைய எண்ணே நிற்கிறது. அதைத் திருத்தினால் இன்னோர் இடம் பிழைத்துப்போகிறது. "கவனமாக எழுதவில்லை" என்று பலர் தம்மையே நொந்துகொள்வர். உண்மையில் இது கவனக்குறைவினால் மட்டும் வருவதன்று. விடயங்களை எங்கே எழுதி வைக்கிறோம் என்பதில் நேரும் ஒழுங்கீனத்தால் வருவது. அதன் காரணத்தையும் அதற்கு நிரலாளர்கள் கண்ட தீர்வையும், கணினி கற்காத பெற்றோருக்கும் விளங்கும் வண்ணம் இங்கு நோக்குவோம்.

நிலை என்றால் என்ன?

ஓர் இணையச் செயலி எந்தக் கணத்திலும் சில விடயங்களை நினைவில் வைத்திருக்கிறது. உள்நுழைந்திருப்பவர் யார், தேடற்பெட்டியில் என்ன எழுதப்பட்டுள்ளது, கூடையில் எத்தனை பொருட்கள் உள்ளன, ஒரு பட்டியல் திறந்துள்ளதா மூடியுள்ளதா என்பன அத்தகையவை. இவற்றின் தொகுப்பையே அச்செயலியின் "நிலை" என்கிறோம். திரையில் நாம் காண்பது அந்நிலையின் தோற்றம் மட்டுமே. நிலை மாறினால் தோற்றமும் மாற வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாதபோது திரை பொய் சொல்லத் தொடங்குகிறது. திரையில் தெரியும் எண்ணை நம்பித்தான் மக்கள் பணம் செலுத்துகின்றனர், ஆசனம் ஒதுக்குகின்றனர், பயணம் புறப்படுகின்றனர். ஆகவே இது அழகு பற்றிய பிரச்சினையன்று; நம்பிக்கை பற்றிய பிரச்சினையாகும்.

வகுப்பறையிலிருந்து ஓர் உதாரணம்

காலையில் வகுப்பாசிரியை இடாப்புக் கூப்பிடுகிறார். 38 மாணவியரில் 35 பேர் வந்துள்ளனர். வகுப்புத் தலைவி கரும்பலகையின் மூலையில் "தொகை 38, வரவு 35" என எழுதுகிறாள். சற்று நேரத்தில் ஒருத்தி பிந்தி வருகிறாள். ஆசிரியை இடாப்பில் அவளுக்கு வரவு இடுகிறார். இப்போது இடாப்பின்படி வரவு 36. கரும்பலகையிலோ இன்னும் 35. மதிய உணவு கொண்டுவருபவர் கரும்பலகையைப் பார்த்து 35 பொதிகளை வைத்துவிட்டுப் போனால், ஒரு பிள்ளைக்கு உணவில்லை.

இங்கு யாரும் பொய் எழுதவில்லை. தலைவி எழுதியபோது அது சரியாகவே இருந்தது. ஒரே உண்மை இரண்டு இடங்களில் எழுதி வைக்கப்பட்டதும், ஓரிடம் மட்டும் மாறியதுமே தவறுக்குக் காரணம்.

தலைவியை "இனிக் கவனமாக இரு" என்று எச்சரிப்பது நிலையான தீர்வாகாது. இடாப்பே மூலம், கரும்பலகை எண் அதிலிருந்து கணிக்கப்படும் விடை. விடையைத் தனியாகப் பாதுகாக்கக் கூடாது. தேவைப்படும்போதெல்லாம் மூலத்திலிருந்து மீண்டும் எண்ண வேண்டும். மனிதருக்கு இது அலுப்பான வேலை. கணினிக்கோ 38 பெயர்களை எண்ணுவது கண்ணிமைக்கும் நேரம்கூட எடுக்காது.

இச்சிக்கல் எப்போது பெரிதானது?

ஆரம்பகால இணையத்தில் ஓர் இணைப்பை அழுத்தினால் சேவையகம் முழுப் பக்கத்தையும் புதிதாக ஆக்கி அனுப்பும். தரவுகள் யாவும் சேவையகத்திலேயே இருந்தன. ஒவ்வொரு தடவையும் பக்கம் புதிதாக எழுதப்பட்டதால், அதன் ஒரு மூலை புதிதாகவும் மறுமூலை பழையதாகவும் இருக்க இடமிருக்கவில்லை.

2004 இல் வெளிவந்த ஜிமெயில், பக்கத்தை முழுதாக மாற்றாமலே அதன் ஒரு பகுதியை மட்டும் மாற்றிக் காட்டியது. இம்முறைக்கு 2005 இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் "அஜாக்ஸ்" எனப் பெயரிட்டார். 2006 இல் ஜோன் ரெசிக் வெளியிட்ட ஜேகுவெரி, பக்கத்தின் எந்த மூலையையும் தேடிப்பிடித்து மாற்றுவதை எவருக்கும் இலகுவாக்கியது. பக்கங்கள் விரைவாயின, மணிக்கணக்கில் மூடப்படாமல் உயிரோடிருந்தன. கூடவே நினைவில் வைக்க வேண்டியவையும் பெருகின.

"அந்த மூலைக்குப் போய் எண்ணை மாற்று" என்ற கட்டளையை நிரலாளர்கள் பல இடங்களில் எழுத வேண்டியதாயிற்று. ஐந்து பொத்தான்கள் ஒவ்வொன்றும் நான்கு இடங்களை மாற்ற வேண்டுமாயின் இருபது கட்டளைகள் தேவை. அவற்றில் ஒன்றை மறந்தாலும் திரை முரண்படும்.

பேஸ்புக் கண்ட பிழை

இதற்குப் பெயர்பெற்ற உதாரணம் பேஸ்புக் நிறுவனத்தில் நிகழ்ந்ததாகும். வாசிக்கப்படாத செய்திகளின் எண்ணிக்கை திரையின் மேற்பகுதியில் தெரியும். ஒருவர் அதைப் பார்த்து, செய்தி வந்திருக்கிறதென எண்ணித் திறந்தால் புதிதாக எதுவுமே இராது. பொறியியலாளர்கள் அதைத் திருத்துவர். சில காலம் சரியாக இருக்கும். பின்னர் அதே பிழை மீண்டும் தலைகாட்டும். மேலே தெரிந்த எண், உரையாடற் பெட்டி, செய்திப் பக்கம் ஆகிய மூன்றும் ஒரே விடயத்தைக் காட்ட வேண்டியவை. ஆனால் எந்தப் பகுதி எதை மாற்றுகிறது என்பதைத் தொடர்ந்து செல்ல முடியாதவாறு நிரல் பின்னிக்கிடந்தது.

2014 இல் அந்நிறுவனத்தின் எப்8 மாநாட்டில் பொறியியலாளர் ஜிங் சென் இப்பிழையை வெளிப்படையாக விளக்கி, அதற்காக அவர்கள் கைக்கொண்ட "பிளக்ஸ்" என்னும் அமைப்பை அறிமுகஞ் செய்தார். அதன் சாரம், தகவல் ஒரே திசையில் ஓட வேண்டும் என்பதாகும். பயனர் ஏதேனும் செய்தால் அது ஒரு "செயல்" என அறிவிக்கப்படும். அச்செயல் ஓர் அனுப்பி வழியாகத் தரவுக் களஞ்சியத்தை அடையும். களஞ்சியம் தன் நிலையை மாற்றிக்கொள்ளும். அதன் பின்னரே திரை புதிய நிலையைக் காட்டும். திரை தானாகக் களஞ்சியத்தில் கைவைக்க முடியாது. நம் உதாரணத்தில் சொல்வதாயின், பிந்தி வந்தவள் கரும்பலகையைத் திருத்தக் கூடாது; ஆசிரியையிடம் அறிவிக்க வேண்டும்.

பேஸ்புக்கின் ஜோர்டான் வோக் உருவாக்கி 2013 இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட "ரியாக்ட்" இதற்குத் துணையாயிற்று. நிலை என்னவென்று சொன்னால், அதற்குரிய தோற்றம் எது என்பதை ரியாக்ட் கணித்து, மாற வேண்டிய பகுதிகளை மட்டும் மாற்றுகிறது. மூலை மூலையாகச் சென்று திருத்தும் வேலை நிரலாளரின் தலையிலிருந்து இறங்கியது.

ரிடக்ஸின் மூன்று விதிகள்

2015 இல் டான் அப்ரமோவும் ஆண்ட்ரூ கிளார்க்கும் இவ்வெண்ணத்தை மேலும் சுருக்கி "ரிடக்ஸ்" என்ற சிறிய நூலகத்தை உருவாக்கினர். எல்ம் என்ற நிரலாக்க மொழியின் ஒழுங்கும் அவர்களுக்கு வழிகாட்டியாயிற்று. ரிடக்ஸின் விதிகள் மூன்று.

முதலாவது, செயலியின் பொது நிலை முழுவதும் ஒரே களஞ்சியத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, அந்நிலையை எவரும் நேரடியாக மாற்றக் கூடாது. என்ன நடந்தது என்று ஒரு செயலை அறிவிப்பதே மாற்றத்துக்குரிய ஒரே வழி.

மூன்றாவது, பழைய நிலையையும் செயலையும் பெற்றுப் புதிய நிலையைத் தரும் வேலையைத் தூய சார்புகளே செய்ய வேண்டும். தூய சார்பு என்பது கணிதத்தில் நாம் கற்கும் சார்பைப் போன்றது. ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடையைத் தரும். வெளியே வேறெதையும் தொடாது.

இதனால் விளைந்த நன்மை பெரிது. நடந்த செயல்கள் யாவற்றையும் வரிசையாகப் பதிவு செய்ய முடிகிறது. பிழை தோன்றினால் செயல்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிச் சென்று, எந்த இடத்தில் நிலை கெட்டது என்று பார்க்கலாம்.

ஒரு பயிற்சி

ஒரு புத்தகக் கடையின் இணையப் பக்கத்தை அமைக்கிறோம் எனக் கொள்வோம். ஒருவர் 350 ரூபா விலையுள்ள கதைப் புத்தகத்தில் இரண்டும், 420 ரூபா விலையுள்ள அகராதி ஒன்றும் கூடையில் இடுகிறார். கடை 10 வீதக் கழிவு தருகிறது. திரையில் புத்தகங்களின் எண்ணிக்கை 3, மொத்தம் 1120 ரூபா, கழிவு 112 ரூபா, செலுத்த வேண்டியது 1008 ரூபா எனத் தெரிய வேண்டும்.

புதிதாகக் கற்பவர் இந்நான்கு எண்களுக்கும் நான்கு மாறிகளை வைப்பார். பின்னர் பயனர் அகராதியை நீக்கும்போது நான்கையும் மாற்ற வேண்டும். கழிவை மாற்ற மறந்தால், மொத்தம் 700 ரூபாவாகவும் கழிவு 112 ரூபாவாகவும் நிற்கும். கடைக்கு 42 ரூபா நட்டம்.

சரியான முறையில் நாம் சேமிப்பவை இரண்டே: கூடையில் எந்தப் புத்தகம் எத்தனை என்ற பட்டியலும், கழிவு வீதமும். விலைகள் கடையின் விலைப்பட்டியலிலிருந்து வரும். ஏனைய நான்கும் கணிப்புகள். அகராதியை நீக்கினால் பட்டியல் மட்டும் மாறும். எண்ணிக்கை 2, மொத்தம் 700, கழிவு 70, செலுத்த வேண்டியது 630 என்பன தாமாகவே வந்துவிடும். மறப்பதற்கு எதுவுமே இல்லை.

இயலாத நிலைகளைத் தவிர்த்தல்

ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்துக்கொள்வோம். "அனுப்பப்படுகிறதா?", "ஏற்கப்பட்டதா?", "தவறியதா?" என மூன்று ஆம்-இல்லை மாறிகளை வைத்தால் எட்டுச் சேர்க்கைகள் உண்டாகும். ஒரே நேரத்தில் ஏற்கப்பட்டதும் தவறியதும் எப்படி உண்மையாகும்? எனினும் நிரலில் அது நிகழ இடமுண்டு. அவ்வாறு நிகழ்ந்தால் விண்ணப்பித்தவர் எதை நம்புவது?

மாறாக, "கட்டம்" என ஒரே மாறியை வைத்து, நிரப்பப்படுகிறது, அனுப்பப்படுகிறது, ஏற்கப்பட்டது, தவறியது ஆகிய நான்கு பெறுமானங்களில் ஒன்றை மட்டும் அது ஏற்குமாறு செய்வோம். இப்போது முரண்பாட்டுக்கு வழியே இல்லை. அனுப்பப்படும் கட்டத்தில் பொத்தானைச் செயலற்றதாக்கினால், ஒருவர் அவசரத்தில் இருமுறை அழுத்தி இரு விண்ணப்பங்கள் போவதையும் பெரும்பாலும் தடுக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் இடலாமா?

கூடாது. ரிடக்ஸ் புகழ்பெற்றதும் பலர் தேவையற்ற இடங்களிலும் அதைப் புகுத்தினர். 2016 இல் அப்ரமோவ் தாமே, "உங்களுக்கு ரிடக்ஸ் தேவைப்படாமலும் இருக்கலாம்" என்ற கருத்தில் ஒரு கட்டுரை எழுதினார். தாம் செய்த கருவியின் எல்லையைத் தாமே எடுத்துச் சொன்ன அந்நேர்மை பாராட்டுக்குரியது.

ஒரு பட்டியல் திறந்துள்ளதா என்பது அப்பட்டியலுக்கு மட்டும் உரிய விடயம். அதன் கூற்றுக்குள்ளேயே இருக்கட்டும். இரண்டு கூறுகளுக்கு ஒரே விடயம் தேவையானால், இரண்டுக்கும் பொதுவான தாய்க் கூற்றில் அதை வைக்க வேண்டும். முழுச் செயலிக்கும் தேவையானதையே பொதுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும்.

சேவையகத்திலிருந்து வரும் தரவு தனிவகை. பேருந்தில் இன்னும் 4 ஆசனங்கள் உள்ளன என்று திரை காட்டினால், அது சேவையகத்திலுள்ள உண்மையின் ஒரு பிரதி மட்டுமே. நாம் யோசித்துக்கொண்டிருக்கையில் வேறொருவர் ஆசனத்தைப் பெற்றிருக்கலாம். ஆகவே அப்பிரதியை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். இறுதி முடிவைச் சேவையகத்திடமே விட வேண்டும்.

மாணவியர் கவனத்துக்கு

ரியாக்ட், ரிடக்ஸ் போன்ற கருவிகள் காலத்துக்குக் காலம் மாறும். 2019 இல் ரியாக்டின் 16.8 ஆம் பதிப்புடன் வந்த "ஹூக்ஸ்" என்ற வசதி, பழைய பழக்கங்கள் பலவற்றை மாற்றிவிட்டது. ஆனால் மேலே சொன்ன சிந்தனை எக்கருவிக்கும் பொருந்தும்.

எனவே அடுத்த செயற்றிட்டத்தைத் தொடங்குமுன் கணினியைத் திறக்காதீர்கள். ஒரு தாளை எடுத்து, உங்கள் பக்கத்தில் மாறக்கூடிய விடயங்கள் யாவற்றையும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இதை வேறொன்றிலிருந்து கணிக்க முடியுமா? முடிந்தால் வெட்டிவிடுங்கள். இது யாருக்குத் தேவை? அவர்களுக்கு மிக அண்மையான இடத்தில் வையுங்கள். இதை மாற்றும் உரிமை யாருக்கு? அந்த ஒருவரின் பெயரை மட்டும் எழுதுங்கள்.

விலையுயர்ந்த கணினி வீட்டில் இல்லையே எனக் கவலைப்படும் பெற்றோரும் இதனைக் கவனிக்க வேண்டும். இவ்வேலையின் கடினமான பகுதி பென்சிலாலும் தாளாலும் செய்யப்படுவது. பிள்ளை எழுதிய பட்டியலை வாங்கி, "இந்த எண் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். அவள் தடுமாறாமல் ஓரிடத்தைச் சுட்டிக்காட்டினால், அவள் அமைக்கும் பக்கம் மக்களுக்கு உண்மையைக் காட்டும் என நம்பலாம்.