வருஷம் முழுக்க மழை பெய்யும் ஊர்களும் நம்ம முத்துப்பேட்டையும்



சமூக அறிவியல் வகுப்பில் வெப்பமண்டல மழைக்காடு பாடம் நடந்தது. "சார், நம்ம அலையாத்திக்காடும் மழைக்காடுதானே?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். சார் மட்டும், "நல்ல கேள்வி. விடை கண்டுபிடித்து சுவரிதழில் எழுது" என்றார். அதனால்தான் இந்தக் கட்டுரை.

மழைக்காட்டுப் பகுதி நகரங்களின் சராசரி ஆண்டு மழை:

சிங்கப்பூர் – 2,113 மி.மீ. (1991–2020 சராசரி)
கொழும்பு – சுமார் 2,400 மி.மீ.
கோலாலம்பூர் – சுமார் 2,500 மி.மீ.
மனாஸ் (பிரேசில், அமேசான் கரை) – சுமார் 2,300 மி.மீ.

தமிழ்நாட்டின் சராசரி சுமார் 920 மி.மீ. தான். நம்ம டெல்டா கடலோரத்தில் ஆயிரத்துக்குச் சற்று மேல்.

ஏன் அங்கே அதிகம்?

இவை பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் உள்ள ஊர்கள். வருஷம் முழுக்க சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல் இருக்கும். சூடான ஈரக்காற்று மேலே போய்க் குளிர்ந்து, மதியத்துக்கு மேல் இடியோடு மழையாகக் கொட்டும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் சித்தப்பா, "ஒரு மணி நேரம் பேயும், அப்புறம் வெயில் அடிக்கும்" என்று போனில் சொல்வார். அங்கே வருஷத்தில் சுமார் 170 நாள் மழை நாள்!

மழைக்காட்டுப் பருவநிலைக்கு முக்கியமான விதி ஒன்று உண்டு. எந்த மாதமும் 60 மி.மீ.க்குக் குறையக் கூடாது. மேகாலயாவின் மௌசின்ராமில் வருஷத்துக்கு 11,870 மி.மீ. பெய்தும் குளிர்காலம் காய்ந்துதான் கிடக்கும். பக்கத்தில் உள்ள சிரபுஞ்சியில் அப்போது குடிநீருக்கே கஷ்டம். ஆகவே எவ்வளவு பெய்கிறது என்பதைவிட எப்படிப் பிரிந்து பெய்கிறது என்பதுதான் முக்கியம்.

நம் ஊரில்...

தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுகிறது. வால்பாறை பக்கம் சின்னக்கல்லாறு நனைந்து கிடக்கும்போது நாம் வியர்த்துக் கிடப்போம். நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான். பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும்.

போன ஐப்பசியில் நான் ஒரு பிஸ்கட் டின்னை வாசலில் வைத்து ஸ்கேலால் அளந்தேன். நாலு நாளில் 62, 48, 71, 19. மொத்தம் 200 மி.மீ. சிங்கப்பூரின் ஒரு மாதச் சராசரியே சுமார் 176 தான்!

ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஒரு மா நிலம் சுமார் 1,335 சதுர மீட்டர். கணக்குப் போட்டால் அந்த நாலு நாளில் ஒரு மாவுக்கு 2 லட்சத்து 67 ஆயிரம் லிட்டர் தண்ணீர்! எங்களுக்கு மூணு மா. நாம் கடைமடை. கோரையாறும் பாமணியாறும் நிறைந்து ஓடின, கடலும் தண்ணீரை வாங்கவில்லை. வயல் எப்படி வடியும்? ஆறு நாள் நின்று சம்பா நாற்று அழுகியது. அப்பா கடன் வாங்கி மறுபடி நட்டார். அதே வயல் தை மாதம் கடைசித் தண்ணீருக்கு ஏங்கியது. அழுகுவதும் காய்வதும் ஒரே வருஷத்தில்!

என் கேள்விக்கு விடை

அலையாத்திக்காடு மழைக்காடு இல்லை. அது ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் சேற்றில் நிற்கும் காடு. மழை இல்லாத மாதமும் பச்சையாக இருப்பது அதனால்தான். தமிழ்நாட்டிலேயே பெரிய அலையாத்திக்காடு நம்முடையது என்பதில் பெருமைப்படுவோம்.

ஒரு வேண்டுகோள்

நம் பள்ளியிலும் மழை அளக்கலாமே! வாயும் அடியும் ஒரே அகலமுள்ள டின்னைத் திறந்த வெளியில் வையுங்கள். மரத்தடி கூடாது. வானிலை நிலையத்தில் அளப்பது போல தினமும் காலை 8.30க்கு அளந்து கரும்பலகை ஓரத்தில் எழுதலாம். எந்த வாரம் எவ்வளவு பெய்யும் என்று நாலைந்து வருஷக் கணக்கு கையில் இருந்தால், எப்போது விதைப்பது, எப்போது வடிகால் வெட்டுவது என்று அப்பாக்களுக்குச் சொல்லலாம். எங்கள் வீட்டு டின்னை நானே கொண்டு வருகிறேன்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி