உடல்நலப் பாடம்: விட்ட நடையை மறுபடியும் தொடங்குவது எப்படி?



நடைப்பயிற்சி உடம்புக்கு நல்லது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தொடங்குவதும் பெரிய கஷ்டமில்லை. நாலு நாள் நடந்ததும் முட்டி வலிக்கும், அப்புறம் மழை வரும், ஊரில் திருவிழா வரும், நடை நின்றுபோகும். நின்றுபோன நடையை மறுபடியும் தொடங்குவதுதான் கஷ்டம். இந்த மாதப் பாடம் அதைப் பற்றியதுதான். எங்கள் குழுவில் நடந்ததையே எழுதுகிறோம். படித்துவிட்டு உங்கள் குழுக் கூட்டத்தில் பேசுங்கள்.

நாங்கள் தொடங்கிய கதை

எங்கள் குழுவில் 14 பேர். 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அதில் வீடு வீடாக வந்து பிரஷரும் சுகரும் பார்த்த தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். அப்படி ஒரு தங்கச்சி எங்கள் தெருவுக்கும் வந்தாள். பார்த்ததில் எங்களில் 5 பேருக்கு சுகர் அல்லது பிரஷர் இருந்தது. அதுவரை ஒருத்திக்கும் தெரியாது.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமில்லை. தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16-ல் நூற்றுக்கு 31 பேர். 2019-21-ல் அது 40 பேர் ஆகிவிட்டது.

அடுத்த கூட்டத்திலேயே நடப்பது என்று தீர்மானம் போட்டோம். 9 பேர் கையெழுத்துப் போட்டோம். காலை ஐந்தரை மணிக்குக் கண்மாய்க் கரையில் கூடுவது, 4 கிலோமீட்டர் நடப்பது என்று முடிவு. முதல் வாரம் ஒரே சிரிப்பும் பேச்சும்தான். மூன்றாவது வாரம் 5 பேர். இரண்டாவது மாதம் 2 பேர். அப்புறம் கண்மாய்க் கரையில் ஆடு மட்டும்தான் நடந்தது.

ஏன் நின்றோம்?

ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் காரணம் சொன்னோம். எழுதிப் பார்த்தால் ஐந்துதான் வந்தது.

1. வலி. முட்டி, குதிகால், இடுப்பு.
2. நேரமில்லை. தண்ணீர் பிடிக்க வேண்டும், சமைக்க வேண்டும், பிள்ளைகளை அனுப்ப வேண்டும்.
3. ஊர்ப்பேச்சு. “வேலை வெட்டி இல்லாதவளுக நடக்கிறாளுக” என்று டீக்கடையில் பேசினார்கள்.
4. எடை குறையவில்லை. ஒரு மாதம் நடந்தும் அரைக் கிலோகூட இறங்கவில்லை.
5. நாலு நாள் விட்டுவிட்டோம். இனிமேல் போக வெட்கமாக இருந்தது.

எங்களில் மூத்தவர் பெரியக்கா. வயது 52. அவருக்குச் சுகரும் உண்டு, முட்டி வலியும் உண்டு. நடக்க வேண்டும் என்று அதிகம் ஆசைப்பட்டவரும் அவர்தான். “எங்க ஆத்தா கடைசி மூணு வருசம் படுக்கையிலயே கெடந்துச்சு. நான்தான் பாத்தேன். என் மருமக தலையில அந்தப் பாரத்த வைக்கக்கூடாது” என்பார். அவருக்கே முட்டி வீங்கி, மூன்று வாரம் வீட்டோடு இருந்துவிட்டார்.

அந்தக் கூட்டத்தில்தான் ஒரு தங்கச்சி மூன்று வாரமாகச் சேமிப்பு கட்டவில்லை என்ற பேச்சு வந்தது. வழக்கம்போல, அடுத்த மாதம் சேர்த்துக் கட்டட்டும் என்று சொல்லி முடித்தோம். அப்போது பெரியக்கா கேட்டார்: “ஏண்டி, மூணு வாரம் சேமிப்பு கட்டாதவளுக்குத் தவணை குடுக்குறோம். அவளக் குழுவ விட்டு வெரட்டல. மூணு வாரம் நடக்காத எனக்கு மட்டும் ஏன் தவணை இல்ல?”

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. சேமிப்பில் ஒரு வாரம் விட்டால் குழுவைக் கலைப்பதில்லை. நடையில் ஒரு வாரம் விட்டால் மட்டும் எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிடுகிறோம். மறுநாளே மறுபடியும் தொடங்கினோம். இந்த முறை, ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு வழி தெரிந்துகொண்டு தொடங்கினோம்.

வலி வந்தால் என்ன செய்வது?

எல்லா வலியும் ஒன்றில்லை. பழக்கமில்லாத வேலை செய்தால், மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடையும் கெண்டைக்காலும் வலிக்கும். முதல் நாள் நாற்று நட்டால் இடுப்பு வலிப்பதைப் போலத்தான். இரண்டு மூன்று நாளில் தானாகப் போய்விடும். பயப்பட வேண்டாம், மெதுவாக நடக்கலாம்.

முட்டித் தேய்மான வலி வேறு. பெரியக்காவுக்கு அதுதான் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னார்கள். வீக்கம் இருக்கும்போது ஓய்வு, வீக்கம் வற்றியதும் கொஞ்சம் கொஞ்சமாக நடை என்றார்கள். முட்டி தேய்ந்துவிட்டது, நடந்தால் இன்னும் தேயும் என்று நாம் நினைக்கிறோம். நடக்காமலே இருந்தால் தொடைத் தசை இளைத்துவிடும். தசை இளைத்தால் உடம்பின் பாரம் முழுக்க முட்டி மேலேயே இறங்கும், வலி கூடும். நாங்கள் செய்த தவறு முதல் நாளே 4 கிலோமீட்டர் நடந்தது. அரைக் கிலோமீட்டரில் தொடங்கியிருக்க வேண்டும்.

ஒரு கணக்கு சொல்கிறோம். உடம்பில் 1 கிலோ எடை குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் முட்டியில் விழும் பாரம் ஏறக்குறைய 4 கிலோ குறைகிறது. 3 கிலோ குறைந்தால் 12 கிலோ. கால் மூட்டை சிமெண்டை இறக்கி வைத்த மாதிரி.

எங்கள் விதி இதுதான்: நடந்த வலி மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் அதே தூரம் நடக்கலாம். அடங்காவிட்டால் அடுத்த முறை பாதித் தூரம். முழுக்க நிறுத்த வேண்டாம்.

முட்டிக்கு ஒரு பயிற்சியும் செய்கிறோம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கிப் பிடித்து 5 எண்ணுங்கள். மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை. சோறு வேகும் நேரத்தில் செய்துவிடலாம். முட்டி வலி உள்ளவர்கள் குத்துக்காலிட்டுப் பாத்திரம் துலக்குவதை விட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து துலக்குங்கள்.

உடனே மருத்துவரிடம் போக வேண்டியவை

- நடக்கும்போது நெஞ்சு வலி, நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மீறிய மூச்சுவாங்கல்
- மூட்டு சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வருவது
- ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலிப்பது
- கால் மரத்துப்போவது, ஆறாத புண்

சுகர் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. முள் குத்தினாலும் சிலருக்கு உணர்வு தெரியாது. தினமும் பாதத்தைப் பாருங்கள். சுகருக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் முந்தானையில் இரண்டு மிட்டாய் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கமும் வியர்வையும் வந்தால் உடனே வாயில் போட்டு உட்கார்ந்துவிடுங்கள். நடக்கிறோம் என்று மாத்திரையை நாமாக நிறுத்தவே கூடாது.

நேரமில்லையே?

“காட்டு வேலையே உடற்பயிற்சிதானே?” என்று கேட்கலாம். உண்மைதான். களை எடுப்பதும், தண்ணீர் தூக்குவதும் பயிற்சிதான். ஆனால் அந்த வேலை வருடம் முழுக்க இருக்கிறதா? நாற்று நட இயந்திரம் வந்துவிட்டது. ஆட்டுக்கல் இருந்த இடத்தில் கிரைண்டர் இருக்கிறது. சந்தைக்கு மினி பஸ்ஸில் போகிறோம். வேலை குறைந்தது நல்லதுதான், நம் அம்மாக்கள் பட்ட பாடு நமக்கு வேண்டாம். குறைந்த அசைவை மட்டும் வேறு வழியில் உடம்புக்குக் கொடுக்க வேண்டும்.

வாரத்துக்கு 150 நிமிடமாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வாரத்தில் 5 நாள், நாளுக்கு அரை மணி நேரம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும். முன்பெல்லாம் ஒரே மூச்சில் 10 நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்று இருந்தது. 2020-ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். 5 நிமிடமும் கணக்கில் சேரும். காலையில் 10, பிள்ளையைப் பள்ளியில் விட்டுத் திரும்பும்போது 10, சாயங்காலம் ரேஷன் கடைக்கு 10 என்று நடந்தால் அரை மணி நேரம் ஆகிவிடும். சேமிப்பு மாதிரிதான், சில்லறையாகப் போட்டாலும் சேர்ந்துவிடும்.

ஊர்ப்பேச்சுக்கு எங்கள் ஊக்குநர் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். “நீங்களும் வாங்க மதினி” என்று பேசியவர்களையே கூப்பிட்டார். அதில் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். மீதிப்பேர் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

எடை குறையவில்லையே?

நடை மட்டும் எடையை அதிகம் குறைக்காது. சாப்பாட்டையும் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டு டீயைக் கணக்குப் போட்டோம். ஒரு நாளைக்கு 4 டீ, டீக்கு 2 கரண்டி சர்க்கரை. மாதம் ஆளுக்கு ஒரு கிலோ சர்க்கரை டீயிலேயே போகிறது! இரண்டு கரண்டியை ஒன்றாக்கினோம். பத்து நாளில் நாக்கு பழகிவிட்டது. சமையல் எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். தட்டில் பாதிக்குக் காயும் கீரையும், கால்வாசிக்குப் பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன், கால்வாசிக்குச் சோறு. எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதை வீணாகக்கூடாது என்று நம் வயிற்றில் போடும் பழக்கத்தையும் விட வேண்டும். பட்டினி மட்டும் கிடக்காதீர்கள். பட்டினி கிடந்தால் தசை கரையும், அடுத்த வேளை இரண்டு மடங்கு சாப்பிடத் தோன்றும்.

இத்தனையும் செய்தும் எடை இறங்கவில்லை என்றால்? இதைக் கவனமாகப் படியுங்கள். சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் ஓர் ஆய்வு செய்தார்கள். சுகர் வரப்போகும் நிலையில் இருந்த 531 பேர் அதில் இருந்தார்கள். ஒரு பிரிவினருக்கு தினமும் அரை மணி நேரமாவது நடை, சாப்பாட்டில் கட்டுப்பாடு என்று தொடர்ந்து சொல்லி வந்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். 2006-ல் முடிவு வெளியானது. சுமார் மூன்று ஆண்டுகளில், வழக்கமான ஆலோசனை பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு சுகர் வந்துவிட்டது. நடையும் கட்டுப்பாடும் இருந்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இத்தனைக்கும் அவர்களுக்கு எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை!

எடை மெஷின் முள் நகரவில்லை என்றாலும் உள்ளே வேலை நடக்கிறது. ஆகவே எடையை மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும். அதோடு இவற்றையும் பாருங்கள்: இடுப்புச் சுற்றளவு (பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது), பிரஷர், சுகர், பஸ் ஸ்டாப் வரை நிற்காமல் போக முடிகிறதா, இரவில் தூக்கம் வருகிறதா.

விட்டுப்போனால் எங்கள் குழு விதிகள்

- ஒரு நாள் விட்டால் பரவாயில்லை. இரண்டாவது நாள் 5 நிமிடமாவது நடப்பது.
- ஒரு வாரத்துக்கு மேல் விட்டவர், பழைய தூரத்தில் பாதியில் தொடங்குவது.
- இரண்டு இரண்டு பேராக ஜோடி. ஒருவர் வராவிட்டால் மற்றவர் வீட்டுக்குப் போய்க் கூப்பிடுவது. திட்டக்கூடாது.
- மழை நாளில் வீட்டுக்குள் முட்டிப் பயிற்சி. அதுவும் கணக்குத்தான்.
- தீர்மானப் புத்தகத்தில் நடந்த நாளை மட்டும் எழுதுவது. யார் எடையையும் சத்தமாகப் படிப்பதில்லை.

இப்போது எப்படி இருக்கிறோம்?

9 பேரில் 7 பேர் நடக்கிறோம். நடுவில் எல்லோருமே பல தடவை விட்டிருக்கிறோம். பெரியக்கா மட்டும் நான்கு தடவை. முதல் எட்டு மாதத்தில் அவருக்கு 3 கிலோதான் குறைந்தது. மாத்திரையும் நிற்கவில்லை. கூட்டத்துக்கு இன்னமும் நாற்காலிதான் போடுகிறோம். ஆனால் முன்பு மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ரேஷன் கடைக்குப் போனவர், இப்போது பையைத் தூக்கிக்கொண்டு ஒரே நடையில் போய் வருகிறார். “இன்னும் பத்து வருசத்துக்கு என் வேலைய நானே பாத்துக்குவேன்” என்கிறார். எங்களுக்கு அது போதும்.

உங்கள் குழுவில் பேச

1. நம் குழுவில் பிரஷர், சுகர் பார்த்தவர்கள் எத்தனை பேர்? பார்க்காதவர்கள் எப்போது பார்ப்பது?
2. நடக்கத் தொடங்கி நிறுத்தியவர்கள் யார்? என்ன காரணம்?
3. யாருக்கு யார் ஜோடி?

பதில்களை எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். நடந்து வர முடிகிறவர்கள் நடந்தே வாருங்கள்!