இரண்டு விளக்கு, ஒரு கப்பல்

தூத்துக்குடிக் கடலில் முத்துச்சிப்பி விளையும் பாறைத் திட்டுக்குப் பார் என்று பெயர். கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. ஜி.பி.எஸ். இல்லாத அந்தக் காலத்தில் கடலோடிகளுக்கு இடம் சொன்னது கரைதான். முன்னால் ஒரு கோபுரம், பின்னால் ஒரு பனைக்கூட்டம். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து தெரிந்தால் வள்ளம் அந்தக் கோட்டில் நிற்கிறது. துறைமுகங்களில் தாழ்வாக ஒரு முன்விளக்கும் உயரமாக ஒரு பின்விளக்கும் வைத்துக் கப்பலை வாய்க்காலுக்குள் கொண்டுவருவதும் இதே கணக்குதான். பத்தாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலில் இதற்குப் பெயர் ‘ஒரு கோடமைந்த புள்ளிகள்’.

வ.உ.சி. துறைமுகக் கரையில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே எக்ஸ், வடக்கே ஒய், அலகு கிலோமீட்டர். பின்விளக்கு (−3, 1), முன்விளக்கு (1, 3), கப்பல் (9, க). மூன்றும் ஒரே கோட்டில் வர க என்னவாக இருக்க வேண்டும்? எண்கள் என் கற்பனை. கடல் வரைபடத்தில் தேட வேண்டாம்.

செய்ய வேண்டியவை

• முதலில் ஒரு கைப்படம் போடுங்கள். அளவு சரியாக இருக்க வேண்டியதில்லை. க ஏறுமா இறங்குமா என்று தெரிந்தால் போதும்.

• இரண்டு சாய்வுகளுக்கும் பொதுவாக ஒரு புள்ளியை வையுங்கள். பின்விளக்கு–முன்விளக்கு: (3−1)/(1+3) = 1/2. முன்விளக்கு–கப்பல்: (க−3)/(9−1). இரண்டும் சமமென்றால் க = 7. முன்விளக்கு பொதுப்புள்ளி என்று ஒரு வரி எழுதுங்கள். பிள்ளைகள் பெரும்பாலும் விடுவது இந்த வரியைத்தான்.

• பின்னத்தைப் பின்னமாகவே விட்டுக் குறுக்கே பெருக்குங்கள். 1/3-ஐ 0.33 ஆக்கிவிட்டால், சேர வேண்டிய புள்ளியும் சேராததுபோல் காட்டும்.

• விடை வந்ததும் விட்டுப்போன ஜோடியைப் பாருங்கள். பின்விளக்கு–கப்பல்: 6/12. அதுவும் 1/2.

செய்யக்கூடாதவை

• சாய்வு சமமாக வந்ததுமே ‘ஒரே கோடு’ என்று எழுதிவிடாதீர்கள். (9, 4)-லிருந்து (5, 2) நோக்கி வரும் கப்பலைப் பாருங்கள். அதன் பாதைக்கும் சாய்வு 1/2. திசைகாட்டியில் எந்தக் குறையும் தெரியாது, மாலுமியும் நிம்மதியாக இருப்பார். ஆனால் (9, 7) இருக்க வேண்டிய இடத்தில் கப்பல் (9, 4)-இல் நிற்கிறது. 3 கிலோமீட்டர் தெற்கே, வாய்க்காலுக்கு வெளியே. தலைநிமிர்ந்து பார்த்தால் இரண்டு விளக்கும் விலகித் தெரியும். இணைகோட்டுக்கும் ஒரே கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான், சாய்வு முறையில் அதைக் காட்டுவது பொதுப்புள்ளிதான்.

• கழிக்கும் வரிசையை நடுவில் மாற்றாதீர்கள். மேலே 3−க, கீழே 9−1 என்று போட்டால் க = −1 வரும். ஒரே கழித்தலில் கப்பல் 8 கிலோமீட்டர் தெற்கே போய்விட்டது. கைப்படம் போட்டவர் இதில் மாட்ட மாட்டார்.

• வரைபடத்தில் எழுதியிருக்கும் வரிசையை அப்படியே எடுக்காதீர்கள். அங்கே அட்சரேகை முதலில் வரும், தீர்க்கரேகை பிறகு. நம் கணக்கில் தீர்க்கரேகைதான் எக்ஸ். எல்லாப் புள்ளிகளிலும் மாற்றிப் போட்டால்கூடத் தப்பலாம், சாய்வு தலைகீழாகுமே தவிர மூன்றும் ஒரே கோட்டில்தான் இருக்கும். ஒன்றில் மட்டும் மாறினால், ஏறக்குறைய 8.8 வடக்கு, 78.1 கிழக்கில் இருக்கும் தூத்துக்குடி 78 வடக்குக்குப் போய் ஆர்க்டிக் குளிரில் நிற்கும்.

• ‘சாய்வைப் பயன்படுத்தி’ என்று கேட்டிருந்தால் முக்கோணப் பரப்பு 0 என்று காட்டிவிட்டு எழுந்திருக்காதீர்கள். முறை சரிதான், கேட்டது அதுவல்ல.

• கீழே 0 வந்தால் சாய்வு 0 என்று எழுதாதீர்கள். (4, 1), (4, 6), (4, −2) மூன்றும் நேர் வடக்கு–தெற்காக நிற்பவை. அங்கே சாய்வை வரையறுக்க இயலாது. மூன்றிலும் எக்ஸ் 4 என்று சொல்லுங்கள், போதும்.