ஒலிம்பஸ் மலையை அளந்தவர்

மாணவர்களே! பண்டைக் கிரேக்கர்கள் மலைகளை வெறும் பாறைக் குவியல்களாகக் கருதவில்லை. ஏறத்தாழ கி.மு. 700-இல் வாழ்ந்த ஹெசியோத் என்ற கவிஞர், பூமித்தாயான கையா மலைகளைப் பெற்றெடுத்தாள் என்கிறார். இந்த மலைத் தெய்வங்களுக்கு ஊரியா என்று பெயர். மலைகளில் உலவும் பெண் தேவதைகள் ஒரியாடுகள் எனப்பட்டனர். மலைகளுக்கெல்லாம் தலையானது ஒலிம்பஸ். அதுவே தெய்வங்களின் அரசனான ஜீயஸின் இருப்பிடம். மேகங்களைத் திரட்டுபவன் என்று ஹோமரின் காவியங்கள் அவனை அழைக்கின்றன. மின்னலே அவனது படைக்கலம்.

மேகத்தின் அரசனை மலை உச்சியில் குடியேற்றியது ஏன்? காரணம் இருக்கிறது.

மேகம் திரளும் விதம்

ஒலிம்பஸின் உயரம் ஏறத்தாழ 2,918 மீட்டர். அதற்குக் கிழக்கே 20 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் ஈஜியன் கடல் இருக்கிறது. கடலிலிருந்து வீசும் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது. உயரே செல்லச் செல்ல வளிமண்டல அழுத்தம் குறைவதால் காற்று விரிவடைகிறது. விரிவடையும் காற்று குளிர்கிறது. சைக்கிள் டியூபின் வால்வைத் திறந்து, பீறிடும் காற்றில் விரலை வைத்துப் பாருங்கள், அது சில்லென்றிருக்கும்.

மேலேறும் காற்று 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் வீதம் குளிர்கிறது. ஓர் உயரத்தில், அதிலுள்ள நீராவி நுண்ணிய நீர்த்துளிகளாக மாறுகிறது. அதுவே மேகம். மேகம் மேலும் வளர்ந்தால், உள்ளே பனித்துகள்கள் ஒன்றோடொன்று மோதி மின்னூட்டங்கள் பிரிகின்றன. மின்னலுக்கு எளிதில் எட்டும் இடம் உயர்ந்த சிகரமே அன்றோ? கிரேக்கர் கண்ட காட்சி உண்மையானது. அதற்கு அவர்கள் கூறிய காரணம்தான் கதை.

அளக்க முனைந்தவர்

அக்காலத்திலேயே ஒருவர் இம்மலையை அளந்தார் என்பது வியப்பான செய்தி. அவர் பெயர் செனாகோரஸ். மலையடிவாரத்தில் பித்தியான் என்ற இடத்தில் அப்பொல்லோ தெய்வத்தின் கோயில் இருந்தது. அங்கிருந்து சிகரத்தின் செங்குத்து உயரம் 10 ஸ்டேடியமும் 96 அடியும் என்று அவர் கண்டார். ஒரு ஸ்டேடியம் 600 கிரேக்க அடி, அதாவது சுமார் 185 மீட்டர். ஆகவே அவர் அளவு ஏறத்தாழ 1,880 மீட்டராகும். பித்தியானே கடல் மட்டத்துக்குப் பல நூறு மீட்டர் மேலே இருப்பதை மறவாதீர்கள்.

எந்த மலையும் 10 ஸ்டேடியத்துக்கு மேல் உயராது என்பது வடிவகணித அறிஞர்களின் கருத்து என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். செனாகோரஸின் கருவிகளோ வேறு விடை தந்தன. கருத்து எவ்வளவு பெரியவர்களுடையதாயினும், அளவீட்டின் முன் அது சோதனைக்கு உட்பட்டதே. செனாகோரஸ் தம் அளவைச் செய்யுளாக்கி, முடிவில் அப்பொல்லோவிடம் நலம் வேண்டினார். மலையை அளந்ததால் அவருடைய பக்தி குறைந்துவிடவில்லை. பக்தியால் அளவையும் அவர் கைவிடவில்லை.

நீங்களே கணக்கிடுங்கள்

எக்கோ என்ற ஒரியாடு, ஹீராவின் சாபத்தால், பிறர் பேச்சின் கடைசிச் சொற்களை மட்டுமே திருப்பிக் கூறினாளாம். அவள் குரலைக் கொண்டே மலையின் தொலைவை அளக்கலாம். நீங்கள் ஒரு செங்குத்துப் பாறையை நோக்கிக் கூவுகிறீர்கள். 3 விநாடியில் எதிரொலி கேட்கிறது. ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர் எனில், பாறை எவ்வளவு தொலைவில் உள்ளது? ஒலி போய்த் திரும்புகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

(விடை: 510 மீட்டர்)