முதல் மோட்டார் சைக்கிளைத் தெரிவுசெய்தல்: புதிய ஓட்டுநர்களுக்கான வழிகாட்டல்

யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ பல ஆண்டுகள் மோட்டார் சைக்கிள் ஓட்டியவரும் இலண்டனில் சட்டத்தின் முன் புதியவராகவே கருதப்படலாம். பிரித்தானியாவில் வசிப்பாளராகி 12 மாதங்கள் கடந்தபின், இலங்கை அல்லது இந்தியச் சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கொண்டு இங்கு வாகனம் ஓட்ட இயலாது. எனவே வண்டியை விரும்புவதற்கு முன், எந்த வண்டியை ஓட்டத் தமக்கு உரிமை உண்டு என்பதை அறிதல் வேண்டும்.

அனுமதியின் எல்லை

தற்காலிக அனுமதிப்பத்திரம் பெற்றவர் முதலில் சி.பி.டி. எனப்படும் கட்டாய அடிப்படைப் பயிற்சியை நிறைவுசெய்தல் வேண்டும். அதன்பின் 16 வயதினர் 50 சி.சி. வரையான மொபெட்டையும், 17 வயதும் அதற்கு மேற்பட்டோரும் 125 சி.சி., 11 கிலோவாட் வரையான வண்டியையும் ஓட்டலாம். சான்றிதழ் 2 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். அக்காலத்தில் ‘எல்’ பலகை பொருத்துதல் கட்டாயம். பின்னால் ஒருவரை ஏற்றுவதும் மோட்டார்வேயில் செல்வதும் கூடா.

சென்னையில் உற்பத்தியாகும் றோயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350 வண்டியைப் பலரும் விரும்புவர். அதன் திறன் ஏறத்தாழ 15 கிலோவாட் மட்டுமே. எனினும் 349 சி.சி. எஞ்சின் உடையதால் சி.பி.டி. சான்றிதழுடன் அதனை ஓட்ட முடியாது. 19 வயதிலிருந்து பெறக்கூடிய ஏ2 அனுமதி அதற்குத் தேவை. ஏ2 அனுமதிக்கு எழுத்துத் தேர்வும் இரு செய்முறைத் தேர்வுகளும் உண்டு.

உடலுக்கு ஏற்ற வண்டி

இருக்கையில் அமர்ந்து இரு பாதங்களையும் உறுதியாகத் தரையில் ஊன்ற முடிகிறதா என்று கடையிலேயே பார்த்தல் நன்று. எஞ்சினை நிறுத்தி வண்டியைத் தள்ளித் திருப்பியும் பார்க்கலாம். ஹொண்டா சி.பி.125எஃப் ஏறத்தாழ 117 கிலோ எடையுடையது. கிளாசிக் 350 ஏறத்தாழ 195 கிலோ. நெரிசலில் அடிக்கடி நின்று செல்லும்போது இவ்வேறுபாடு நன்கு புலப்படும். கியர் இல்லாத ஸ்கூட்டர் பழகுவதற்கு எளிது; ஆயினும் அதிலேயே செய்முறைத் தேர்வு எழுதியவருக்குக் கியர் வண்டிக்கான அனுமதி கிடைக்காது.

காப்புறுதி

உணவு விநியோகத் தொழிலுக்காக வண்டி வாங்குவோர் இதனை மிகக் கவனித்தல் வேண்டும். சொந்தப் பயணத்துக்கும் வேலைக்குச் சென்று வருவதற்கும் உரிய காப்புறுதி, கூலிக்குப் பொருள் கொண்டு செல்வதை உள்ளடக்காது. பொலிசார் நிறுத்தினால் அவர் காப்புறுதியின்றி ஓட்டியவராகவே கொள்ளப்படுவார். 300 பவுண் தண்டமும் 6 புள்ளிகளும் விதிக்கப்படலாம், வண்டியும் கைப்பற்றப்படலாம். முதல் ஓட்டுநர் தேர்வில் தேறி 2 ஆண்டுகளுக்குள் 6 புள்ளிகள் பெற்றவரது அனுமதிப்பத்திரம் இரத்தாகும். காரையும் அவர் மீண்டும் கற்போராகவே ஓட்ட நேரிடும். ஆகவே, வண்டியின் விலையைப் பேசுமுன் தொழிலுக்குரிய காப்புறுதிக் கட்டணத்தைக் கேட்டறிதல் அவசியம்.

பழைய வண்டி வாங்குவோர்

2023 ஓகஸ்ட் 29 முதல் யூலெஸ் வலயம் இலண்டனின் எல்லா பரோக்களையும் உள்ளடக்குகிறது. யூரோ 3 தரத்தை எட்டாத மோட்டார் சைக்கிளுக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண் செலுத்த வேண்டும். பொதுவாக 2007 யூலைக்குப் பின் பதிவான வண்டிகள் இத்தரத்தை எட்டும். பதிவெண்ணைக் கொண்டு டி.எஃப்.எல். இணையத்தளத்தில் உறுதிசெய்யலாம். வண்டியின் சட்ட எண் பதிவுப் புத்தகத்துடன் பொருந்துகிறதா என்பதையும், 3 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டியாயின் எம்.ஓ.டி. சான்றிதழையும் பார்த்தல் வேண்டும்.

தலைக்கவசம்

இந்திய ஐ.எஸ்.ஐ. முத்திரை மட்டும் உள்ள தலைக்கவசம் இங்கு சட்டத்துக்கு அமைவானதன்று. ஈ.சி.ஈ. 22.05 அல்லது அதற்குப் பிந்திய தர அடையாளம் இருத்தல் வேண்டும். அரசின் ‘ஷார்ப்’ திட்டம் தலைக்கவசங்களைச் சோதித்து 1 முதல் 5 வரை நட்சத்திரங்கள் வழங்குகிறது. அவற்றுள் தலைக்குச் சரியாகப் பொருந்துவதைத் தெரிவுசெய்க. கைவசமுள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே செலவிடாது, தலைக்கவசம், கையுறை, காலணி, உறுதியான பூட்டு ஆகியவற்றுக்கும் முன்கூட்டியே ஒரு பகுதியை ஒதுக்கிவைத்தல் நலம்.